முன்னின்று இழுக்கும் வண்டி

ஐரோப்பிய தேசங்களில் பழைய மோட்டார் வண்டிகளை விற்பதும் வாங்குவதும் ஒரு தனித் தொழிலாகவே நடைபெற்று வருகின்றன. அத்தொழிலாளர் வெளியிடும் விளம்பரங்களுள், ‘சித்ரோயன் டிராக்ஷன் அவான், நான்கு கதவு, கறுப்பு நிறம், குடும்பத்திற்கு ஏற்றது, விற்பனைக்கு உண்டு’ என்னும் முறையில் அமைந்த வாசகங்களைப் பன்முறை காணலாம். படிப்போர் பலர் இதனையும் ஏனைய பழம் பொருள்களுள் ஒன்றாக எண்ணிக் கடந்து செல்வர். ஆயினும், அவ்வண்டியின் வரலாற்றையும் அமைப்பையும் அறிந்தவர்க்கு அச்சில வார்த்தைகளே ஒரு பெருங்கதையை நினைவூட்டும். ஒருவர் தம் செல்வம், தொழிற்சாலை, உடல்நலம் ஆகிய அனைத்தையும் இவ்வண்டியின் பொருட்டுப் பணயம் வைத்தார். வண்டி வென்றது, அவர் தோற்றார். அது எங்ஙனம் என்பதையும், இவ்வண்டியின் யந்திர அமைப்பு எத்தகையது என்பதையும், இன்று இதனை வாங்கப் புகுவோன் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதையும் நம் கல்லூரி நண்பர்களுக்கு இயன்ற அளவு விளக்கிக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆந்த்ரே சித்ரோயன் என்பவர் 1878-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் பிறந்தவர். ஆங்குள்ள புகழ்பெற்ற பொறியியற் கலாசாலையில் பயின்றபின், பற்கள் கோணவடிவாக வெட்டப்பட்ட ஒருவகைப் பற்சக்கரங்களைச் செய்யும் தொழிலில் இறங்கினார். அப்பற்களின் வடிவமே இன்றும் அவர் பெயர் தாங்கிய வண்டிகளின் முகப்பில் இரண்டு கோணக் குறிகளாகக் காணப்படுவது. முதல் உலகப் போரின்போது பாரிஸில் ஜாவெல் என்னுமிடத்தில் ஆலை நிறுவிப் பீரங்கிக் குண்டுகளைப் பெருவாரியாகச் செய்து கொடுத்தார். போர் முடிந்ததும் அதே ஆலையில் 1919-ஆம் ஆண்டு முதல் மோட்டார் வண்டிகளைச் செய்யலானார். விளம்பரக் கலையில் அவருக்கு நிகர் அக்காலத்தில் எவருமிலர் என்னலாம். 1925-ஆம் ஆண்டு முதல் 1934-ஆம் ஆண்டு வரையில் ஈபெல் கோபுரத்திலேயே அவர் பெயர் மின்விளக்குகளால் ஒளிர்ந்தது. சஹாராப் பாலைவனத்தையும் ஆசியாக் கண்டத்தையும் கடக்க அவர் அனுப்பிய வண்டிக் கூட்டங்களைப் பற்றி உலகமே பேசிற்று.

ஆனால் புகழ் வேறு, கையிருப்புப் பொருள் வேறு. 1929-ஆம் ஆண்டுக்குப் பின் உலகெங்கும் பரவிய வியாபார மந்தம் பிரெஞ்சு தேசத்தையும் பற்றியது. வண்டிகளை வாங்குவோர் தொகை குறைந்தது. இந்நிலையில் மற்றொருவராயின் செலவைச் சுருக்கியிருப்பர். சித்ரோயனோ 1933-ஆம் ஆண்டில் ஜாவெல் ஆலையைப் பெரும்பாலும் இடித்துப் புதிதாகக் கட்டினார். அதனுள் இதுவரை ஒருவரும் பெருவாரியாகச் செய்திராத ஒரு வண்டியைச் செய்யவும் துணிந்தார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஆந்த்ரே லெபேவ்ர் என்னும் பொறியாளர் அவரிடம் வேலைக்கு அமர்ந்தார். அவர் முன்னர் ஆகாய விமானங்களும் உயர்தர மோட்டார் வண்டிகளும் செய்த வுவாசன் என்பவரிடம் நெடுங்காலம் தொழில் பார்த்தவர். பிளாமினியோ பெர்த்தோனி என்னும் இத்தாலியச் சிற்பி வண்டியின் உருவத்தைக் காகிதத்தில் வரைவதோடு நில்லாது, களிமண் போன்ற மெழுகுப் பொருளைக்கொண்டு கையாலேயே வனைந்தார். மோரீஸ் சேந்த்யூரா என்பவர் எஞ்சினை அமைத்தார். ஏறக்குறைய ஓராண்டிற்குள், அஃதாவது 1934-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், வண்டி பொதுமக்கள் முன் வைக்கப்பட்டது.

இனி, அதன் அமைப்பில் புதுமை யாது என்பதைப் பார்ப்போம். அக்காலத்துச் சாதாரண மோட்டார் வண்டியில் எஞ்சின் முன்புறம் இருக்கும். அதன் சக்தி ஒரு நீண்ட தண்டின் வழியே வண்டியின் அடியிற் சென்று பின்சக்கரங்களைச் சுழற்றும். முன்சக்கரங்களுக்கு வழிகாட்டுவது ஒன்றே வேலை. நம் நாட்டு மாட்டு வண்டியில் மாடு முன்னின்று இழுக்கின்றது. வண்டி அதன்பின் தொடர்கின்றது. மோட்டார் வண்டியோ மாட்டைப் பின்னே கட்டித் தள்ளச் செய்தது போல அமைந்திருந்தது. ‘டிராக்ஷன் அவான்’ என்னும் பிரெஞ்சுத் தொடருக்கு ‘முன்புற இழுப்பு’ என்பது பொருள். இவ்வண்டியில் கியர்ப்பெட்டி முன்னும், எஞ்சின் அதன் பின்னும், இரண்டுக்கும் இடையே சக்கரங்களுக்குச் சக்தியைப் பகிர்ந்தளிக்கும் பற்சக்கரத் தொகுதியும் அமைக்கப்பெற்று, முன்சக்கரங்களே வழிகாட்டுவதோடு இழுக்கும் வேலையையும் ஏற்றன.

இதனால் விளைந்த நன்மைகள் இரண்டு. வளைவில் திரும்பும்போது சக்கரங்கள் எத்திசையை நோக்குகின்றனவோ அத்திசையிலேயே இழுப்பும் நிகழ்வதால், வண்டி சொன்னபடி கேட்டுத் திரும்புகின்றது. பின்புறத்தினின்று தள்ளப்படும் வண்டி, ஈரச்சாலையிலே வேகமாகச் செலுத்தினால், வால்பக்கம் விலகிச் சுழல முற்படும். இதிலோ அவ்வச்சம் மிகக் குறைவு. இரண்டாவதாக, அடியிற் செல்லும் நீண்ட தண்டு இல்லாமையால் தளத்தைத் தட்டையாகவும் தாழ்வாகவும் அமைக்க இயன்றது. அக்கால வண்டிகளில் ஏறுவதற்குப் பக்கவாட்டிற் படி இருக்கும். இதில் அது தேவைப்படவில்லை. உட்கார்ந்திருப்போரின் பாரம் தாழ்ந்திருப்பதால் வண்டி எளிதிற் சாய்வதுமில்லை.

முன்சக்கர இழுப்பை முதன்முதலிற் கண்டவர் சித்ரோயன் என்று கூறுதல் பொருந்தாது. பிரான்ஸில் கிரெகுவார் என்பவரும், இங்கிலாந்தில் ஆல்விஸ் கம்பெனியாரும், அமெரிக்காவில் கார்டு கம்பெனியாரும், ஜெர்மனியில் டீ.கே.டபிள்யூ. கம்பெனியாரும் அதற்கு முன்னரே அவ்வகை வண்டிகளைச் செய்து விற்றனர். அங்ஙனமாயின் பலரும் தயங்கியது ஏன்? விடை ஒரு மூட்டில் அடங்கியுள்ளது. முன்சக்கரம் இடமும் வலமும் திரும்ப வேண்டும். மேலும் கீழும் ஆட வேண்டும். அதே வேளையில் எஞ்சினின் சுழற்சியையும் பெற்றுக்கொள்ள வேண்டும். எனவே அச்சுத் தண்டு வளையத்தக்க மூட்டுடையதாக இருத்தல் இன்றியமையாதது. சாதாரணக் குறுக்குமூட்டு ஒன்றை வளைத்துச் சுழற்றினால், ஒரு புறம் சீராகச் சுழன்றாலும் மறுபுறம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் சுழலும். வளைவு கூடக்கூட இக்குறையும் கூடும். ஓட்டுவோனின் கையிலுள்ள ஸ்டீரிங் சக்கரம் அதிரும். இதற்குப் பரிகாரம், இரண்டு மூட்டுக்களை அடுத்தடுத்து வைத்து, ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றொன்று சரிசெய்யுமாறு பொருத்துதலாகும். தொடக்கத்தில் வைத்த மூட்டுக்கள் தொல்லை தந்தபின், இவ்வண்டியின் சக்கரப்பக்கத்தில் அத்தகைய இரட்டை மூட்டே நிலைபெற்றது.

இரண்டாவது புதுமை உடற்கூட்டைப் பற்றியது. அந்நாளைய வண்டிகளில் அடியில் கனத்த இரும்புச் சட்டம் ஒன்றிருக்கும். அதன்மேல், வீட்டை அஸ்திவாரத்தின் மீது வைத்தாற்போல, மரமும் தகடும் கொண்டு உடல் கட்டப்படும். பாரத்தைத் தாங்குவது சட்டமே. இவ்வண்டியிலோ தனிச் சட்டம் என்பதே இல்லை. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துப் பட் கம்பெனியாரின் முறையைத் தழுவி, எஃகுத் தகடுகளைப் பெரிய அச்சுக்களில் அழுத்தி, மின்சாரத்தால் ஒட்டி, முழு உடலையும் ஒரே கூடாகச் செய்தனர். முட்டையின் ஓடு மிக மெல்லியது. ஆயினும் அதன் வடிவமே அதற்கு வலிமை. மூங்கில் உள்ளே வெறுமையாயினும் பெரும் பாரத்தைத் தாங்குகிறது. அதுபோல இக்கூட்டிலும் வலிமை தடிப்பினால் வருவதன்று, வடிவினால் வருவது. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் முன்சக்கரங்களும் சேர்ந்த தொகுதி, கூட்டின் முன்புறமாக நீண்டுள்ள இரு கைகளிற் பொருத்தப்பட்டது. வேண்டும்போது அதனை அப்படியே கழற்றி வெளியே உருட்டிக்கொண்டு வரலாம்.

மூன்றாவது, வண்டியின் குலுக்கத்தைத் தடுக்கும் முறை. வில்போல் வளைந்த இரும்புப் பட்டைகளுக்குப் பதிலாக முறுக்குத் தண்டுகள் வைக்கப்பட்டன. எஃகுத் தண்டு ஒன்றின் ஒரு முனையை வண்டியின் உடலில் அசையாது பதித்து, மறுமுனையில் ஒரு கையை இணைத்து, அக்கையின் நுனியிற் சக்கரத்தை மாட்டினால், சக்கரம் மேட்டில் ஏறும்போது தண்டு முறுக்கேறும். மேடு கடந்ததும், முறுக்கிய கயிறு கைவிட்டவுடன் மீள்வதுபோலத் தண்டும் தன் நிலைக்குத் திரும்பும். முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே ஏறி இறங்குமாறு அமைந்திருந்தன. பிரேக்குகள் திரவ அழுத்தத்தால் இயங்கின. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் செலுத்திய அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்னும் பாஸ்கலின் விதியை நம் பௌதிக வகுப்பு மாணவர் அறிவர். அவ்விதியே இங்கு நான்கு சக்கரங்களையும் ஒருங்கே நிறுத்துகின்றது. எஞ்சினின் சிலிண்டர்களோ தண்ணீர் சூழ நிற்கும் தனித்தனிக் குழல்களாக அமைக்கப்பட்டமையால், தேய்ந்த குழலை மட்டும் மாற்றிவிட்டு எஞ்சினைப் புதுப்பிக்க முடியும். இவற்றுள் ஒவ்வொன்றும் தனித்தனியே வேறு வண்டிகளில் ஏற்கெனவே காணப்பட்டதுதான். அனைத்தையும் ஒரே வண்டியிற் சேர்த்து, நடுத்தரக் குடும்பத்தார் வாங்கத்தக்க விலையில், ஆயிரக்கணக்கிற் செய்து கொடுத்ததே சித்ரோயனின் சாதனை.

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது நம் முதுமொழி. இங்கோ பதற்றம் மிகுந்திருந்தது. வண்டிக்குக் கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஒரு புதுவகைப் பெட்டியை வைக்கவேண்டும் என்று முதலில் திட்டமிட்டனர். ஸான்ஸோ தெ லவோ என்பவர் கண்ட அக்கருவி சோதனை ஓட்டங்களில் அளவு கடந்து சூடேறிப் பயனற்றுப் போயிற்று. வண்டி வெளிவரச் சில வாரங்களே எஞ்சிய அந்நிலையில், அதற்கென ஒதுக்கிய சிறிய இடத்திலேயே பொருந்துமாறு, கையால் மாற்றும் மூன்று கியர்கள் கொண்ட பெட்டியொன்றை அவசர அவசரமாக அமைத்தனர். முதலில் வாங்கியவர்கள் உடற்கூட்டில் விரிசலையும் மூட்டுக்களில் முறிவையும் கண்டு முறையிட்டனர். ஆலையைக் கட்டவும் தகடழுத்தும் யந்திரங்களை வாங்கவும் செலவான பணமோ ஏராளம். கடன் கொடுத்தோர் நெருக்கினர். 1934-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கம்பெனி நீதிமன்றத்தின் மேற்பார்வைக்குள் வந்தது. பெருங்கடன்காரர்களாகிய மிஷெலின் டயர் கம்பெனியார் அதனை ஏற்றுக்கொண்டனர். சித்ரோயன் 1935-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 3-ஆம் தேதி, வயிற்றிற் கண்ட புற்றுநோயால் இறந்தார். அவர் தம் வண்டி பெறவிருந்த பெருமையைக் கண்ணாற் காணவில்லை. அவர் கைவிட்டுப் போன கடனைக் கடைசிவரை பெறாத சிறு வியாபாரிகளின் இழப்பையும் நாம் மறத்தலாகாது. துணிவைப் புகழ்வது எளிது. அத்துணிவின் செலவைப் பிறரும் சுமக்க நேர்ந்தது என்பதும் உண்மையே.

புதிய தலைவர்களாகிய பியர் மிஷெலினும் பியர் பூலாஞ்சேயும் வண்டியைக் கைவிட்டாரில்லை. குறைகளை ஒவ்வொன்றாக நீக்கினர். 1936-ஆம் ஆண்டில் ஸ்டீரிங் அமைப்பை மாற்றிப் பற்பட்டையும் பற்சக்கரமும் கொண்டு திரும்புமாறு செய்தனர். அவ்வண்டியின் உறுதியை ஐயுற்றோர்க்கு விடையளித்தவர் பிரான்ஸுவா லெக்கோ என்பவர். லியோன் நகருக்கு அணித்தே உணவு விடுதி நடத்திய அவர், 1935 ஜூலை முதல் 1936 ஜூலை வரையில், பாரிஸுக்கும் மாண்டிகார்லோவுக்குமாக நாள்தோறும் ஓட்டி, 4,00,000 கிலோமீட்டர் தூரத்தை ஒரே வண்டியிற் கடந்தார். அதற்குப் பின் முன்சக்கர இழுப்பு நெடுங்காலம் உழைக்காது என்று கூறுவதற்கு இடமில்லாமற் போயிற்று.

குடும்பங்களுக்கென்றே செய்யப்பட்ட வகை ‘பமிலியால்’ எனப் பெயர் பெற்றது. சாதாரணச் சிறு வகையில் முன்னிருசுக்கும் பின்னிருசுக்கும் இடையே 2.91 மீட்டர் தூரமே உண்டு, இதிலோ 3.27 மீட்டர். மூன்று வரிசை ஆசனங்களுடன், நடுவரிசை மடக்கத்தக்கதாக, ஒன்பது பேர் வரை அமரும்படி அமைந்தது. தட்டையான தளத்தின் பயனை இதிற் போல வேறெதிலும் காண்டல் அரிது. பெற்றோரும், குழந்தைகளும், பாட்டனும் பாட்டியும் ஒரே வண்டியிற் கூடிச் செல்வதற்கு அத்தேசத்தார் இதனையே நாடினர். வியாபாரிகளுக்கென வேறொரு வகையும் உண்டு. 1954-ஆம் ஆண்டு முதல் அதன் பின்புறம் முழுவதும் மேல்நோக்கித் திறக்கும் ஒரே கதவாக அமைந்தது. பிற்காலத்துக் குடும்ப வண்டிகள் பலவற்றில் நாம் காணும் பின்கதவுக்கு அது முன்னோடி எனலாம்.

இரண்டாம் உலகப் போரில் இவ்வண்டியை ஜெர்மானிய இரகசியப் போலீசாரும் பயன்படுத்தினர். அவர்களை எதிர்த்த பிரெஞ்சு விடுதலை வீரர்களும் தம் படையின் எழுத்துக்களை வெள்ளை வர்ணத்தால் அதன்மேல் தீட்டிக்கொண்டு பயன்படுத்தினர். யந்திரம் நன்மை தீமை அறியாது. ஓட்டுவோனே அறிய வேண்டியவன். போருக்குப் பின் 1957-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வரையில் இவ்வண்டி செய்யப்பட்டு வந்தது. எல்லா வகைகளும் சேர்ந்து ஏறக்குறைய 7,60,000 வண்டிகள் வெளிவந்தன. ஒரே உருவம் இருபத்துமூன்று ஆண்டுகள் நிலைத்தமையால், சித்ரோயனை வீழ்த்திய அச்சு யந்திரங்களின் விலை அவர் காலத்திற்குப் பின் பன்மடங்காக மீண்டது.

இனி, இத்தகைய வண்டியொன்று விற்பனைக்கு வந்தால் அறிவுடையோன் எவற்றைப் பார்ப்பான்? புதிதாகப் பூசிய வர்ணத்தின் மினுமினுப்பைக் கண்டு மயங்கான். மேலே கூறிய வரலாறே அவனுக்கு வழிகாட்டும். முதலாவது, தனிச் சட்டம் இல்லாத வண்டியாதலின், உடற்கூடே எலும்பும் தோலுமாக உள்ளது. கதவுகளுக்குக் கீழே இருபுறமும் ஓடும் பெட்டி வடிவான பகுதியும், எஞ்சினைத் தாங்கும் முன்கைகளும் துருவேறியிருப்பின், அது தோல்நோய் அன்று, எலும்புருக்கி நோய் என்றே கொள்ளவேண்டும். வேறு வண்டியில் தகட்டை ஒட்டிவிட்டால் போதும். இதிலோ கதவுகள் சரியாக மூடுகின்றனவா, இடைவெளிகள் ஒரே சீராக உள்ளனவா என்று பார்த்துக் கூட்டின் நேர்மையைத் துணிய வேண்டும்.

இரண்டாவது, ஸ்டீரிங்கை முழுதும் திருப்பி மெல்ல ஓட்டச் செய்து காதுகொடுத்துக் கேட்டல் வேண்டும். டக்டக்கென்று ஒலியெழுமாயின் மூட்டுக்கள் தேய்ந்தன என்பது துணிபு. நின்ற இடத்தில் ஸ்டீரிங் கனமாக இருப்பது குற்றமன்று. எஞ்சினின் பாரம் முன்சக்கரங்களின் மீது இருத்தலின் அஃது இயல்பே. மூன்றாவது, கியர்ப்பெட்டி. அவசரத்திற் பிறந்த அப்பெட்டியே இவ்வண்டியின் மென்மையான உறுப்பு. முதற்கியருக்கு வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு இல்லையாதலால், வண்டி நின்றபின்னரே அதனை மாட்டவேண்டும். முரட்டுக் கையினர் பலர் ஓட்டிய வண்டியில் பற்கள் அரைபடும் ஓசை தெளிவாகக் கேட்கும். 1934-ஆம் ஆண்டின் பதற்றத்தை இத்தனை காலத்திற்குப் பின்னும் நாம் காதாற் கேட்கலாம் என்பது வியப்பன்றோ!

நான்காவது, வண்டி ஒருபுறம் தாழ்ந்து நிற்கின்றதா என்று காணவேண்டும். முறுக்குத் தண்டுகளின் உயரத்தைச் சரிசெய்ய இயலும். ஆதலின் சிறு தாழ்வு கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. எஞ்சின் தேய்ந்திருப்பினும் குழல்களை மாற்றிப் புதுப்பிக்கலாம் என்பதை முன்னரே கூறினோம். பிரான்ஸில் செய்த வண்டிகளின் மின்சாரம் 6 வோல்ட்; இங்கிலாந்தில் ஸ்லௌ நகரத்து ஆலையிற் செய்தவற்றின் மின்சாரம் 12 வோல்ட். பின்புறம் புடைத்த சாமான் பெட்டி உடையது 1952-ஆம் ஆண்டிலோ அதற்குப் பின்னரோ செய்யப்பட்டது. விற்போன் கூறும் வருஷத்திற்கு இவ்வடையாளங்கள் ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பது வாங்குவோனின் கடமை. உள்ள குறையை மறையாது கூறுவது விற்போனின் கடமை. இவ்விரண்டும் இல்லாத வியாபாரம் இருவர்க்கும் நெடுநாள் நன்மை தராது.

லெபேவ்ர் இவ்வண்டியோடு அமையவில்லை. 1948-ஆம் ஆண்டில் எளியோருக்கென வெளிவந்த சிறு வண்டியும், 1955-ஆம் ஆண்டில் பாரிஸ் கண்காட்சியில் உலகை வியக்கச் செய்த டீ.எஸ். வண்டியும் அவர் தலைமையில் உருவானவையே. இரண்டும் முன்சக்கர இழுப்பு உடையன. இன்று உலகச் சாலைகளில் ஓடும் குடும்ப மோட்டார் வண்டிகளுள் மிகப் பலவற்றுக்கு முன்சக்கர இழுப்பும், சட்டமில்லாத கூடும் பொதுவியல்பாகிவிட்டன. ஒருகாலத்தில் பைத்தியக்காரத் துணிவு என்று பலர் எண்ணியது, பின்னர் எவரும் நினைத்துப் பார்க்கவும் தேவையில்லாத வழக்கமாகிவிட்டது.

ஆதலின், அவ்விளம்பரத்தில் விற்பவன் கேட்கும் விலையைப் படிக்கும்போது, அதற்கு முன்னரே ஒருவர் கொடுத்துத் தீர்த்த விலையையும் நாம் நினைத்துக்கொள்வோமாக. புதிய எண்ணம் பிறக்கத் துணிவு வேண்டும். அது நிலைபெறப் பொறுமை வேண்டும். சித்ரோயனிடம் முன்னது நிரம்ப இருந்தது. பின்னதற்கு அவருக்கு நாள் கிடைக்கவில்லை. கல்லூரியை விட்டுத் தொழிலுலகிற் புகவிருக்கும் நம் மாணவ நண்பர்கள் இவ்விரண்டையும் ஒருங்கே பெற முயல்வார்களாயின், இக்கட்டுரையை எழுதிய நம் உழைப்பு வீணாகாது.